மகிழ்ச்சிக்கு இருபத்திரண்டு சொற்கள்

விடின் என்ற ஊரில் யாரையாவது நிறுத்தி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்பார்கள். புது வீடு கட்டி முடித்தவனும் அதைத்தான் சொல்வான், மகளுக்கு நல்ல இடம் அமைந்தவளும் அதைத்தான் சொல்வாள். "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று ஒருவன் சொன்னால் காலையிலேயே குடித்திருக்கிறான், இல்லையென்றால் தேர்தலில் நிற்கிறான் என்று அர்த்தம். வாய் தவறி நல்லதாக ஏதாவது சொல்லிவிட்டால் உடனே காதுமடலைப் பிடித்து இழுத்து, உதட்டைச் சப்புக்கொட்டி, பக்கத்தில் இருக்கிற மரத்தில் மூன்று முறை தட்ட வேண்டும். கண் படக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். டாக்டர்களும் தட்டுவார்கள், பாதிரியாரும் தட்டுவார்.

இந்த ஊரைத் திருத்துவதற்கென்றே டான்யூப் ஆற்றங்கரையில் சர்வதேச உணர்ச்சிமொழித் தேர்வு நிலையம் ஏற்பட்டது. வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலச் சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை. ஆங்கிலம் பேசத் தெரியுமா என்று மட்டும் சோதிக்கிற நிலையங்கள் வேறு இருந்தன. இயக்குநர் டாக்டர் மின்ச்சேவ் அதற்கு ஒரு படி மேலே போனார். வினைச்சொல்லை யார் வேண்டுமானாலும் நெட்டுருப் போடலாம். மனதில் இருப்பதையும் தான் பட்டதையும் தகுந்த பெயரடையால் சொல்லத் தெரிந்தவன்தான் நாகரிக மனிதன் என்று அவர் கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பு தலைநகருக்குப் போய், மூன்று முத்திரைகளோடு திரும்பி வந்தபோது விதியாகியிருந்தது.

நெட்காவுக்கு நாகரிகம் எதுவும் தேவைப்படவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, சீஸ் வைத்துச் சுருட்டிச் சுட்ட பனீட்ஸா விற்கும் கடையில் பதினேழு வருடமாக நிற்கிறாள். அவள் கணவன் லூபென் இங்கிலாந்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை பார்த்தான். அக்டோபரில் ஒருநாள் பண்ணையிலேயே விழுந்துவிட்டான். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. இப்போது அந்த ஊர் மருத்துவமனையில் கிடக்கிறான். அவனோடு கூட இருந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு நீண்டகால அனுமதி வேண்டும். அனுமதிக்குச் சான்றிதழ் வேண்டும். இருபத்தாறு வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியதற்குச் சான்றிதழ் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

நிலையத்தில் விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ஆள்மாறாட்டம் நடக்காமலிருக்க, சான்றிதழ் கைக்கு வரும்வரை அது அவர்களுடைய இரும்புப் பெட்டியில் இருக்கும். விதி எண் நாற்பத்தொன்று. நெட்கா கையெழுத்துப் போட்டாள். ஒரே வாரம்தானே என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

முதல் தேர்வு நவம்பரில். ஸோர்னிட்சா என்ற இளம்பெண் எதிரே உட்கார்ந்தாள். அங்கே பாடம் நடத்துவதும் அவள்தான், தேர்வு வைப்பதும் அவள்தான். மூலையில் ஒரு கேமரா. எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நெட்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், புருஷன் சீக்கு, நான் சாட் என்றாள். மறக்க முடியாத ஒரு விடுமுறை அனுபவத்தை ஐந்து பெயரடைகளால் விவரியுங்கள் என்றாள் ஸோர்னிட்சா. நெட்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விடுமுறை இல்லை என்றாள்.

முடிவுத் தாளில் இப்படி அச்சடித்திருந்தது: "விண்ணப்பதாரரின் துயரம் தொடக்கநிலையைச் சேர்ந்தது. அனுபவம் ஏதும் இல்லை. தேர்ச்சி பெறவில்லை."

அந்தத் தாளோடு அவள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

"ஐயா, எனக்கு நெசமாவே துக்கம்தாங்க. அதைத்தானே சொன்னேன்?"

"இல்லன்னு யாரும்மா சொன்னா?" என்றார் மின்ச்சேவ். அன்பான மனிதர், நாற்காலியெல்லாம் போடச் சொன்னார். "துக்கம் எல்லாருக்கும் இருக்கு. ஆனா 'சாட்'ங்கறது பொம்மை உடைஞ்ச குழந்தை சொல்ற சொல்லு. அரை மார்க்குக்கு மேல நான் நினைச்சாலும் போட முடியாது. புருஷன் விழுந்துட்டா அதுக்குன்னே 'டெவஸ்டேட்டட்'னு ஒண்ணு இருக்கு. முழுசா ரெண்டு மார்க். பேச்சு மூச்சில்லாம படுத்துக் கெடக்கற மனுஷனுக்கு நீங்க அரை மார்க் துக்கம்தான் படுவீங்களா?"

நெட்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அந்த விடுமுறை... நாங்க எங்கயும் போனதில்லைங்களே."

"போனதா சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்லம்மா, சரளம்."

அப்படித்தான் அவள் வகுப்பில் சேர்ந்தாள். கடை முடிந்து மாலையில் மூன்று மணி நேரம். சுவரில் ஒரு ஏணிப் படம், ஒவ்வொரு படியிலும் சொற்கள். மகிழ்ச்சிக்கு இருபத்திரண்டு, ஆச்சரியத்துக்குப் பதினான்கு, சோர்வுக்கு ஒன்பது, பயத்துக்கு ஏழு. துக்கத்துக்கு ஐந்துதான் இருந்தது. ஏன் என்று கேட்டபோது, அதற்கு மேல் துக்கப்படுகிறவர்களை அந்த நாட்டில் வேலைக்கு எடுப்பதில்லை என்றாள் ஸோர்னிட்சா.

வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவராக எழுந்து நின்று மகிழ வேண்டும். முந்தினவர் மகிழ்ந்த சொல்லில் அடுத்தவர் மகிழக்கூடாது. பன்னிரண்டு பேரில் கடைசியாக நிற்கிறவனுக்கு யாரும் கேள்விப்படாத மகிழ்ச்சிதான் மிஞ்சும். அறையில் ஹீட்டர் பழுதாகி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. டோடோர் என்ற வெல்டிங்காரன் ஒருநாள் பொறுக்க முடியாமல், குளிர் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

"அது புகார்," என்றாள் ஸோர்னிட்சா. "புகாருக்கு மார்க் கிடையாது. இந்த அறை புத்துணர்ச்சி தருது. எங்க, எல்லாரும் சொல்லுங்க."

கையுறை போட்ட பன்னிரண்டு பேரும் வாயில் புகை விட்டுக்கொண்டே அதைச் சொன்னார்கள். டோடோரின் பல் தந்தியடித்ததைச் சரளக்குறைவு என்று ஸோர்னிட்சா எழுதிக்கொண்டாள்.

கடையிலும் நெட்கா பயிற்சி செய்தாள். அவளோடு வேலை செய்யும் பெபா ஏணிப் படத்தைக் கைபேசியில் பார்த்தபடி கேள்வி கேட்பாள்.

"எப்படி இருக்கேக்கா?"

"டிலைட்டட்."

"இன்னும் பல்லைக் காட்டுக்கா. காசு கேக்கற மாதிரி இருக்கு மூஞ்சி."

"திரில்டு!"

வரிசையில் நின்ற ஒரு கிழவர் இதைக் கேட்டுவிட்டு, "இந்தக் கடைல மாவுக்குள்ள என்னத்தைக் கலக்கறாங்க?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லூபெனைத் திரையில் பார்ப்பாள். மரிசெல் என்ற நர்ஸ் அவன் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொள்வாள். அவளும் அந்த ஊர்க்காரி இல்லை, பிலிப்பைன்ஸிலிருந்து பிழைக்க வந்தவள். பேச்சில்லாத நோயாளிகளுக்காக அங்கே ஒரு அட்டை வைத்திருந்தார்கள். அதில் ஆறு முகங்கள்: வலி, தாகம், குளிர், களைப்பு, பயம், நலம். எது வேண்டுமோ அதை லூபென் இடது கையால் தொட்டுக் காட்ட வேண்டும்.

"உனக்கு ஆறுதானாய்யா? எனக்கு அம்பத்தேழு," என்று நெட்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமையடித்துக்கொண்டாள். எழுந்து நின்று, கைகளை விரித்து, மகிழ்ச்சியின் ஏணியில் கடகடவென்று ஏறிக் காட்டினாள். லூபென் பாதி வாயால் சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தான்.

"சரி, நீ எப்படி இருக்கே? காட்டு."

அவன் விரல் அட்டைமேல் போய் ஒவ்வொரு முகமாகத் தடவியது. எதிலும் நிற்கவில்லை. கடைசியில் அட்டையைத் தள்ளிவிட்டு, இடது கையைத் தூக்கி, படகு ஆடுவதுபோல மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினான். ஏதோ ஓடுது என்கிறான். நெட்கா திரைமேல் கையை வைத்துக்கொண்டாள். அக்டோபருக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, இருபத்திரண்டில் ஒரு சொல்லும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது தேர்வு ஜனவரியில் வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று ஸோர்னிட்சா கேட்டாள். "டிலைட்டட்" என்று நெட்கா சுத்தமாகச் சொன்னாள். சொன்ன வேகத்தில் கை தானாகப் போய்க் காதுமடலை இழுத்தது. உதடு சப்புக்கொட்டியது. விரல் முட்டி மேசையில் மூன்று முறை தட்டியது. பிறகு லூபெனோடு கடற்கரைக்குப் போன விடுமுறையை ஐந்து பெயரடைகளால் விவரித்தாள். போகவே போகாத அந்தக் கடற்கரை அற்புதமாக இருந்தது, தட்டினாள். தண்ணீர் சொக்க வைத்தது, தட்டினாள். அவர் என்னோடு நடந்தார், அது மறக்க முடியாதது என்று சொல்லும்போது கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

தேர்ச்சிக் கடிதம் வரவில்லை. விசாரணைக் கடிதம் வந்தது. தேர்வறையில் ஒலிச் சைகை மூலம் வெளியாருடன் தொடர்புகொண்டதாகக் குற்றச்சாட்டு. தட்டல்கள் மொத்தம் பதினெட்டு.

விசாரணைக் குழுவில் மின்ச்சேவும் ஸோர்னிட்சாவும் இருந்தார்கள். மாவட்டத்திலிருந்து கெஷேவ் என்ற கண்காணிப்பாளர் வந்திருந்தார். சுவரில் பதிவைப் போட்டு மூன்று முறை பார்த்தார்கள்.

"மூணு தட்டு தட்டினா பட்டியல்ல மூணாவது சொல்லுன்னு அர்த்தமா?" என்றார் கெஷேவ்.

"இல்லைங்கய்யா. நல்லது சொன்னா தட்டணும்ல? அவரு அங்க அப்படிக் கெடக்காரு. நான் இங்க உக்காந்துகிட்டு ஆனந்தமா இருக்கேன், ஆனந்தமா இருக்கேன்னு சொன்னா அவருக்கு ஏதாச்சும் ஆயிடும்ல?"

கெஷேவ் கண்ணாடியைக் கழற்றினார். "ஐரோப்பாவோட சேர்ந்து இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் இந்த மூடத்தனமா? எனக்கு அறுபத்திரண்டு வயசு. இதெல்லாம் நம்பாமத்தான் இன்னிக்கு வரைக்கும் ஒரு தலைவலிகூட வராம கல்லு மாதிரி இருக்கேன்." சொல்லிவிட்டு நாற்காலிக் கையை மூன்று முறை தட்டினார்.

மின்ச்சேவ் எழுந்து நின்று பேசினார். "நம்ம நிலையம் தொடங்கி எட்டு வருஷம். எட்டு வருஷத்துல ஒரு முறைகேடு, ஒரு முணுமுணுப்பு உண்டா? கிடையாது." அவர் கை மேசைக்கு அடியில் போயிற்று. டொக் டொக் டொக் என்று எல்லோருக்கும் கேட்டது.

குறிப்பெழுதிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "சார், இந்தத் தட்டலையும் எழுதிக்கவா?"

அதைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். ஊழியர் தட்டினால் அது பழக்கம், விண்ணப்பதாரர் தட்டினால் அது சைகை என்று முடிவாயிற்று. நெட்காவின் தேர்வு ரத்து. ஆறு வாரம் கழித்து மறுபடி எழுதலாம். மர மேசையை எடுத்துவிட்டுத் தகர மேசை போட வேண்டும், விண்ணப்பதாரர் இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் விரித்து வைத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு விசாரணைப் பொருளாகிவிட்டதால் அதன்மேல் இன்னொரு முத்திரை விழுந்தது.

நெட்கா கையைப் பழக்கினாள். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பாள். பெபா கேள்வி கேட்பாள். கை துடித்தால் பெபா இடுக்கியால் ஒன்று வைப்பாள். முதல் வாரம் ராத்திரி படுக்கும்போது பகலில் விட்டுப்போன தட்டல்களையெல்லாம் சேர்த்துக் கட்டில் சட்டத்தில் தட்டித் தீர்த்தாள். மூன்றாவது வாரம் அது மறந்துபோனது. யாராவது ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்றால் போதும், முதுகு நேராகும், கை விரியும், உதடு விரியும், சொல் வந்து விழும். நடுவில் நெட்கா என்று ஒருத்தி தேவைப்படவில்லை.

மார்ச் முதல் வாரம் மரிசெல் வழக்கமில்லாத நாளில் கூப்பிட்டாள். லூபெனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். "வா. சீக்கிரம் வா," என்று சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னாள். திரையில் லூபென் கண்ணை மூடியிருந்தான். அட்டை போர்வைமேல் கவிழ்ந்து கிடந்தது.

நெட்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நிலையத்துக்கு ஓடினாள்.

"ஐயா, கடவுச்சீட்டை மட்டும் குடுங்க. சான்றிதழ் வேணாம். கூட இருக்க வேணாம். ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"தேர்வு வியாழக்கிழமைதானம்மா. இன்னும் மூணு நாள்."

"மூணு நாள் தாங்குமோ என்னமோய்யா."

"விதிக்கு முன்னாடி நான் யாரும்மா?"

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. இந்த மனிதருக்கு ஆங்கிலத்தில் சொன்னால்தான் புரியுமோ என்று நினைத்தாள். கும்பிடாத குறையாக நின்று, துக்கத்தின் ஐந்து சொற்களையும் பயத்தின் ஏழு சொற்களையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது.

மின்ச்சேவ் அசந்துபோனார். உண்மையிலேயே அவர் கண் கலங்கிவிட்டது.

"பிரமாதம்மா! என்ன உச்சரிப்பு! பன்னெண்டுல ஒண்ணுகூட ரெண்டாந் தடவை வரல. இதையெல்லாம் தேர்வுல சொல்லாம வச்சிருந்தீங்களே. வியாழக்கிழமை இதே மாதிரி சொல்லுங்க, கண்டிப்பா பாஸ்."

வியாழக்கிழமை போனாள். மார்ச் மாதம் என்பதால் அவள் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டியிருந்தது. ஆரோக்கியத்துக்காக ஊரே கட்டுகிற நூல். முதல் நாரையைப் பார்க்கும்வரை அவிழ்க்கக்கூடாது. லூபெனுக்காகவும் சேர்த்து அவள் இரண்டு கட்டியிருந்தாள். நூலில் குறிப்பு எழுதியிருக்கலாம் என்று வாசலில் கத்தரித்து ஒரு உறையில் போட்டு ஒட்டினார்கள்.

தகர மேசை ஜில்லென்று இருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நெட்கா உச்சிப் படியிலிருந்து பதில் சொன்னாள். அன்றைய தலைப்பு சமீபத்தில் சென்ற பயணம். நேற்று விமானத்தில் கணவனைப் பார்க்கப் போனேன் என்றாள். பரவசமான பயணம். அவர் கதவருகே நின்றிருந்தார். வியக்கத்தக்க வகையில் நின்றிருந்தார். என் பெயரைச் சொன்னார். பதினோரு பெயரடைகள். கை அசையவில்லை.

வெள்ளிக்கிழமை மின்ச்சேவே வாசல்வரை வந்து சான்றிதழையும் கடவுச்சீட்டையும் கொடுத்தார். மேல் மூலையில் "மிகச் சிறப்பு" என்று பொன்னிற எழுத்து. "உங்க பதிவை இனிமே எல்லா வகுப்புக்கும் போட்டுக் காட்டப் போறோம். இவ்வளவு உண்மையான சந்தோஷத்தை இந்தக் கட்டடத்துல நான் பார்த்ததில்லம்மா," என்றார். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் இடம் கிடைத்தது. பெபா அவளுக்காக ஒரு பெட்டி இரவல் கொண்டுவந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் கூட்டமாக இருந்தது. நெட்கா தட்டை அடுப்பிலிருந்து இறக்கும்போது போன் அடித்தது. திரையில் முகம் இல்லை, வெறும் குரல். மரிசெல் அவள் பெயரைச் சொன்னாள், லூபென் பெயரைச் சொன்னாள், பிறகு ஒரு வாக்கியம் சொன்னாள். அதில் பெயரடை எதுவும் இல்லை. அதனால் நெட்காவுக்கு எல்லாம் புரிந்தது. விடியற்காலையில் என்றும், தூக்கத்தில் என்றும்கூடப் புரிந்தது.

நெட்கா தட்டை மேசைமேல் வைத்தாள். பிறகு மரிசெல் மெதுவாக, அவளை எண்ணிப் பயந்து, அந்த ஊர் வழக்கப்படி கேட்டாள்.

"நெட்கா, ஹவ் ஆர் யூ?"

நெட்காவின் முதுகு நேராயிற்று. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையும் மேசைமேல் விரிந்தன. உதடு விரிந்தது.

"டிலைட்டட், தேங்க் யூ," என்றாள், ஒரு பிசிறில்லாமல். "ஐ ஆம் திரில்டு."

பெபாவின் கையிலிருந்து இடுக்கி விழுந்தது.

அந்தச் சத்தத்தில்தான் தான் என்ன சொன்னோம் என்பது நெட்காவுக்குக் காதில் விழுந்தது. அதைத் திருப்பி எடுக்கப் பார்த்தாள். துக்கத்தின் ஐந்து சொற்களைத் தேடினாள். திங்கட்கிழமை இயக்குநர் முன்னால் கண்ணீரோடு வந்த ஐந்தும் இப்போது ஒன்றுகூட வரவில்லை. "நோ," என்றாள். "நோ. நோ. மரிசெல், நோ."

மரிசெல் போனை வைத்துவிடுவாள் என்று பயந்தாள். புருஷன் செத்ததற்குச் சந்தோஷப்படுகிற பெண்ணிடம் யார் பேசுவார்கள்?

"எக்ஸாம்," என்றாள் மரிசெல். "ஐ நோ, நெட்கா. மீ டூ. ஸேம் எக்ஸாம்."

பெபா கடைக்கதவைச் சாத்தினாள். உள்ளே இருந்தவர்கள் யாரும் பனீட்ஸா கேட்கவில்லை, வெளியே போகவுமில்லை. நெட்கா தரையில் மாவுச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் மொழியிலேயே கேட்க ஆரம்பித்தாள். பக்கத்தில் யாரு இருந்தீங்க? தண்ணி கேட்டாரா? யாரு குடுத்தது? கையைப் பிடிச்சுகிட்டீங்களா? மரிசெலும் தன் மொழியில் பதில் சொல்லத் தொடங்கினாள். நீளமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை. "சரி, சரிம்மா, அப்புறம்?" என்று நெட்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.